டாஸ்க் மேனேஜரில் எண்பது ‘சர்வீஸ் ஹோஸ்ட்’ ஓடுகிறதே, வைரஸா?

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் 11, ரேம் 8 ஜிபி. சில நாட்களாக ரொம்ப மெதுவாக இருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ‘சர்வீஸ் ஹோஸ்ட்’ என்ற பெயரில் எண்பதுக்கும் மேல் ஓடுகின்றன. நண்பர் ஒருவர், “எல்லாம் வைரஸ், எண்ட் டாஸ்க் கொடுத்துவிடு” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். அவற்றில் சில இல்லாமல் விண்டோஸ் ஓடவே ஓடாது. நிறுத்திய நிமிடமே லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகி, சேமிக்காத வேலை அத்தனையும் போய்விடும்.

எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். விண்டோஸுக்காகப் பின்னணியில் வேலை செய்யும் புரோகிராம்களான சர்வீஸ்களில் பல, டிஎல்எல் என்ற வகை ஃபைல்களாக இருக்கின்றன. அவற்றால் தனியாக ஓட முடியாது. ஏற்றிச்செல்ல ஒரு வண்டி வேண்டும். அந்த வண்டிதான் சர்வீஸ் ஹோஸ்ட். முன்பெல்லாம் ஒரே வண்டியில் பல சர்வீஸ்கள் போயின. ஒன்று பழுதானால் கூட இருந்தவையும் படுத்துவிடும். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனி வண்டி. உங்களிடம் 8 ஜிபி இருப்பதால் எண்பது இருப்பது இயல்பே.

ஆனால் வைரஸ் எழுதுபவர்களும் இந்தப் பெயரை விரும்புகிறார்கள். கூட்டத்தில் ஒன்று கூடினால் யாருக்குத் தெரியும்? ஆகவே பெயரை நம்பாதீர்கள், இருப்பிடத்தைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதிக்குப் போய், மேலே உள்ள தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்து ‘செலக்ட் காலம்ஸ்’ வழியாக ‘இமேஜ் பாத் நேம்’, ‘கமாண்ட் லைன்’ இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் ஹோஸ்ட் அங்கே svchost.exe என்ற பெயரில் தெரியும். உண்மையானது சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32-இல் இருக்கும். அரிதாகச் சில, அதே விண்டோஸுக்குள் சிஸ்வாவ்64-இல். டவுன்லோட்ஸ், டெம்ப், ஆப்டேட்டா என்று வேறெங்காவது இருந்தால் அது போலி. கமாண்ட் லைனில் கழித்தல் குறியோடு ‘கே’ என்ற எழுத்து (-k) இல்லாவிட்டாலும் சந்தேகப்படுங்கள். எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள்: ‘வி’யும் ‘சி’யும் இடம் மாறியிருக்கும், அல்லது ‘ஓ’ இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் உட்கார்ந்திருக்கும். அவசரமாகப் பார்க்கிற கண்ணுக்கு அது படவே படாது.

இருப்பிடம் சரியாக இருந்தாலும் ஒரு சந்து மிச்சம் இருக்கிறது. 2008-இல் பரவிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ், தன் டிஎல்எல்-ஐ ஒரு சர்வீஸாகப் பதிந்துகொண்டு அசல் வண்டியிலேயே ஏறிக்கொண்டது. அதனால் எந்த வண்டியில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். சந்தேகப்படும் வரியில் ரைட் கிளிக் செய்து ‘கோ டு சர்வீசஸ்’ கொடுத்தால் சர்வீஸின் பெயர் தெரியும். இன்னும் ஆழமாகப் பார்க்க, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்’ போதும். அதில் ‘வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ்’ஐ இயக்கினால் ஃபைலில் யாருடைய டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது என்று காட்டும். பிராப்பர்ட்டீஸில் கையெழுத்துப் பகுதியே இல்லை என்று சில விண்டோஸ் ஃபைல்களைப் பலர் அழித்துவிடுகிறார்கள். அது தவறு, அவற்றின் கையெழுத்து தனியாகக் கேட்டலாக் ஃபைலில் இருக்கும்.

மெதுவாக ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. சிபியு, டிஸ்க் அளவுகளின்படி வரிசைப்படுத்தி, மேலே நிற்பது எது என்று பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டோ, அப்டேட்களை இறக்கித் தரும் டெலிவரி ஆப்டிமைசேஷனோ என்றால் சார்ஜரில் போட்டு ஓரிரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றிவைக்கும் சிஸ்மெயின் சர்வீஸ் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கவும் வாய்ப்புண்டு.

போலிதான் என்று தெரிந்தால், எண்ட் டாஸ்க் மட்டும் போதாது. அடுத்த முறை ஆன் செய்ததும் திரும்ப வந்துவிடும். இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ ஓடவிடுங்கள். வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து உடனே மாற்றுங்கள். ஸ்கேன் சுத்தம் என்று சொல்லும்வரை இந்த லேப்டாப்பில் பணப் பரிமாற்றம் எதுவும் வேண்டாம்.