கேள்வி–பதில்: மாணவர் இதழில் கடைசிச் சொல் யாருடையது?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் மாத இதழ் ஒன்றை நடத்துகிறோம். அச்சுச் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்கிறது. தேர்வுக் கட்டணம் பற்றிய கட்டுரை ஒன்று வெளியான பிறகு, இனி எல்லாப் பக்கங்களையும் ஆலோசகரான பேராசிரியர் பார்த்துக் கையெழுத்திட்ட பின்னரே அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று நிர்வாகம் வாய்மொழியாகக் கூறியிருக்கிறது. நாங்கள் மறுக்கலாமா?

பதில்: மறுப்பதற்கு முன், அந்த உத்தரவை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். வாய்மொழியாகக் கடுமையாக இருக்கும் உத்தரவு, தாளில் இறங்கும்போது பெரும்பாலும் சற்று இளகிவிடும். இளகாவிட்டாலும், எந்த விதியின் கீழ், யார், எத்தனை நாளுக்குள் பார்ப்பார் என்பதாவது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நம் மொழியில் பாடம் நடத்துபவரும் ஆசிரியர், இதழ் நடத்துபவரும் ஆசிரியர். வளாகங்களில் இந்த மயக்கம் சொல்லோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான் சிக்கல். ஆலோசகர் படிக்கலாம், பிழை காட்டலாம், அவதூறுக்கு இடம் தரும் வரியைச் சுட்டலாம். வெளியிடுவதா, விடுவதா என்ற முடிவு இதழாசிரியரான மாணவரிடம் இருக்க வேண்டும். அதே சமயம் நிர்வாகத்தின் அச்சத்தை வெறும் அதிகாரத் திமிர் என்று தள்ளிவிடவும் முடியாது. பதிப்பாளர் என்ற இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்குமானால், வழக்கு வரும்போது நீதிமன்ற அறிவிப்பு அந்த அலுவலகத்துக்கும் போகும். ஆகவே, இதழ் யாருடையது, சட்டப் பொறுப்பு யாருடையது, இறுதி முடிவு யாருடையது என்ற மூன்றையும் பிரித்துச் சொல்லும் சாசனம் ஒன்றை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வதே முறை. சண்டை மூண்ட பிறகு எழுதப்படும் சாசனம் சண்டையின் வாசனையோடுதான் இருக்கும் என்பதால், இயன்றவரை அமைதியான மாதம் ஒன்றில் எழுதுங்கள்.

அமெரிக்காவில் நடந்த இரண்டு வழக்குகளை இங்கே சொல்வது பயனுடையது. இல்லினாய் மாநிலத்தின் கவர்னர்ஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், 2000ஆம் ஆண்டு, நிர்வாகத்தைக் குறைகூறிய மாணவர் செய்தித்தாளை அச்சிடுவதற்கு முன் தங்கள் தரப்பில் ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று உயர் அதிகாரி ஒருவர் நேரே அச்சகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். அச்சகத்தாருக்குப் பணம் வரும் திசை தெரியும், இதழ் நின்றுபோயிற்று. கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் நிர்வாகம் இதழில் தலையிடலாம் என்று, பள்ளி இதழ்களுக்காக உச்ச நீதிமன்றம் 1988இல் வகுத்த அளவுகோல் பல்கலைக்கழகப் பணத்தில் வரும் இதழ்களுக்கும் பொருந்தக்கூடும் என்று கூறி, 2005இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அதிகாரியின் பக்கமே சாய்ந்தது. பின்னர் அம்மாநிலச் சட்டமன்றம் 2007இல் தனிச் சட்டம் இயற்றி மாணவர் இதழ்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. இதற்கு மாறாக, கென்டக்கி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆண்டு மலரின் அட்டை ஊதா நிறத்தில் இருந்தது, அது பல்கலைக்கழகத்தின் நிறம் அல்ல என்பது உள்ளிட்ட குறைகளைச் சொல்லி 1994இல் பிரதிகளையே பூட்டிவைத்தார்கள். 2001இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இவை அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் வழக்குகள். உங்கள் சட்டம் வேறாக இருக்கலாம். ஆனால் அச்சக ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

முழுமையாக விலகிவிடும் வழியும் உண்டு. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மாணவர் நாளிதழான ‘அலிகேட்டர்’, கருக்கலைப்பு ஆலோசனை தரும் இடங்களின் பட்டியலைத் தடையை மீறி 1971இல் வெளியிட்டு, அதையொட்டி எழுந்த மோதலின் முடிவில் 1973இல் வளாகத்தை விட்டு வெளியேறித் தனி இதழாயிற்று. அப்படி வெளியேறுபவர்கள் வாடகை, விளம்பரம், வழக்கறிஞர் கட்டணம் எல்லாவற்றையும் தாங்களே தேட வேண்டியிருக்கும். மாத இதழ் ஒன்றுக்கு இந்தச் சுமையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் ஆசிரியர் குழு படிப்பை முடித்துப் போய்விடுகிறது. புதிதாக வருபவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். இதற்கு வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அது கடைசி மாதத்தில் செய்யும் வேலையல்ல. அடுத்த இதழாசிரியரைக் கல்வியாண்டின் நடுவிலேயே தேர்ந்தெடுத்து, பழையவர் பக்கத்தில் இருக்கும்போதே இரண்டு இதழ்களை அவர் பொறுப்பில் கொண்டுவரச் செய்யுங்கள். தவறுகள் நேரும், கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே அவை நேரட்டும். தேர்வு செய்யும் உரிமையை மாணவர் பேரவைக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் பேரவையின் வரவு செலவையும் நீங்கள் ஒருநாள் எழுத வேண்டிவரும். விலகும் குழுவும், முன்னாள் இதழாசிரியர் ஒருவரும், ஆலோசகரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பது ஓரளவு நியாயமானது.

அதோடு கைமாற்றுக் குறிப்பேடு ஒன்றை வைத்திருங்கள். அச்சகத்துக்குப் பக்கங்கள் போய்ச்சேர வேண்டிய நாள், விளம்பரக் கட்டணம், நிலுவைத் தொகை, எந்த அலுவலகத்தில் யாரைக் கேட்டால் தகவல் கிடைக்கும் என்பது, சென்ற ஆண்டு வெளியிட்ட திருத்தங்கள் ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். மின்னஞ்சலும் இணையதளக் கணக்கும் இதழின் பெயரில் இருக்க வேண்டும்; பட்டம் வாங்கிச் சென்றவரின் சொந்தக் கணக்கில் கடவுச்சொல் சிக்கிக்கொண்டு, பல ஆண்டுப் பழைய இதழ்களை ஒரு குழு இழந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அச்சான ஒவ்வோர் இதழிலும் இரண்டு பிரதிகளைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுக்குக் கவிதைகள் குவிகின்றன, செய்தி எழுத மட்டும் ஆள் இல்லை. என்ன செய்வது?

பதில்: கவிதை தானாக வரும், செய்தியைத் தேடிப் போக வேண்டும். “யாராவது எழுதுங்கள்” என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் மறுபடியும் கவிதைதான் வரும். தேர்வுத் துறை, நூலகம், விடுதி, ஆட்சிக்குழுக் கூட்டம் என்று இடங்களைப் பிரித்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தலைவரின் பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றி அங்குள்ள மாணவர் நாளிதழில் தொடர்ந்து எழுதியவர் முதலாண்டு மாணவர்தான். அதையொட்டி அமைக்கப்பட்ட குழு, தலைவர் தாமே தரவுகளைத் திரித்ததாகக் காணவில்லை என்றாலும், கட்டுரைகளிலிருந்த பிழைகளை அவர் உரிய முறையில் திருத்தவில்லை என்று கூறியது; 2023இல் அவர் பதவி விலகினார். உங்கள் முதலாண்டு மாணவர்களை மெய்ப்புப் பார்க்கவும் இதழ்க் கட்டுகளைச் சுமக்கவும் மட்டும் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.