ஒன்றா, இரண்டா? அமெரிக்க வாசகர்களின் கைத்துப்பாக்கிக் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் நம் வாசகர்கள் சிலர், தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியை அன்றாடம் உடன் எடுத்துச் செல்வது பற்றிக் கேள்விகள் அனுப்பியிருந்தனர். அவற்றுள் ‘எத்தனை’ என்பதைச் சுற்றி அமைந்தவை இம்முறை இடம்பெறுகின்றன.

கேள்வி: இரவுப் பணி முடித்துத் தனியாகக் காரில் வீடு திரும்புபவன் நான். இடுப்பில் ஒரு 9 எம்.எம். பிஸ்டல் அணிகிறேன். சுடுதளத்தில் பழக்கமான நண்பர்கள், கணுக்காலில் ஒரு சிறிய ரிவால்வரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறார்கள். அன்றாடத் தற்காப்புக்கு எத்தனை துப்பாக்கி வேண்டும், ஐயா?
(டெக்சாஸ் வாசகர்)

பதில்: ஒன்று போதும். நாள் தவறாமல் அதை அணிகிறீர்களா, உறையிலிருந்து தடுமாறாமல் எடுக்கப் பழகியிருக்கிறீர்களா, கடைசியாக எப்போது பயிற்சி செய்தீர்கள் என்ற கேள்விகளுக்குத் திருப்தியான விடை கிடைத்த பிறகு எண்ணிக்கையைப் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் நண்பர்கள் சொல்வது காவல்துறையிலிருந்து வந்த வழக்கம். அடிக்கடி கொள்ளையடிக்கப்பட்ட கடைகளுக்குள் மறைந்திருந்து கொள்ளையரை எதிர்கொள்வதற்காக நியூயார்க் நகரக் காவல்துறை 1968இல் ஒரு தனிப்பிரிவை அமைத்தது. அதில் பணியாற்றிய ஜிம் சிரில்லோ போன்றவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை அணிந்து சென்றார்கள். ஆறு தோட்டாக்களும் தீர்ந்த ரிவால்வரின் உருளையைத் திறந்து, வெற்றுக் குப்பிகளை உதறிவிட்டு, மீண்டும் நிரப்புவதற்குள் உயிர் போய்விடக்கூடும் என்பதால், இன்னொன்றை உருவிக்கொள்வதே விரைவான வழியாக இருந்தது. அதற்கு இன்றும் ‘நியூயார்க் ரீலோடு’ என்றே பெயர்.

இரண்டாவது துப்பாக்கிக்கு ஆதரவாகப் பேசுவோர் தவறாமல் காட்டும் மற்றொரு நிகழ்ச்சி, 1986 ஏப்ரல் 11 அன்று மயாமி பகுதியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேருக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையருக்கும் இடையே நடந்த துப்பாக்கிச் சண்டை. கார்கள் மோதிக்கொண்டபோது ஜான் ஹான்லன் என்ற அதிகாரியின் முதன்மை ரிவால்வர் எங்கோ தெறித்துப் போயிற்று. தம்மிடமிருந்த ஐந்து தோட்டா கொண்ட சிறிய ரிவால்வரைக் கொண்டே அவர் சண்டையிட்டார், அதில் மீண்டும் தோட்டா நிரப்பும்போது கையில் குண்டு பாய்ந்தது. அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர், ஐவர் காயமடைந்தனர். இரண்டாவது துப்பாக்கி மட்டும் இல்லாதிருந்தால் ஹான்லன் வெறுங்கையோடு நின்றிருப்பார் என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அந்த அதிகாரிகள் ஆயுதம் தாங்கிய கொள்ளையரைத் தேடிப் போய் மடக்கினார்கள். தப்பிச் செல்ல விடாமல் தடுப்பதே அவர்களுடைய கடமை. உங்கள் நோக்கம் அதற்கு நேர் எதிரானது: ஆபத்திலிருந்து விலகி, உயிரோடு வீடு போய்ச் சேர்வது. மேலும், ஆறு தோட்டா ரிவால்வர் என்ற பழைய குறைபாட்டைப் புதிய வடிவமைப்புகள் பெரும்பாலும் தீர்த்துவிட்டன. 2018இல் வந்த சிக் சாவர் பி365 அரைக் கிலோ அளவே எடையுள்ள சிறு பிஸ்டல்; ஆனால் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் பெட்டி) பத்தும், சுடத் தயாராகக் குழலறையில் ஒன்றுமாகப் பதினொரு தோட்டாக்கள் அதில் அடங்கும்.

மிஞ்சியிருக்கும் வலுவான வாதம், சுடும் நேரத்தில் துப்பாக்கி பழுதாகி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான். பிஸ்டலில் ஏற்படும் தடைகளில் கணிசமானவை மேகசினால் வருபவை: சுருள்வில் தளர்ந்திருக்கும், விளிம்பு வளைந்திருக்கும், அல்லது மேகசின் முழுமையாக உள்ளே பொருந்தியிருக்காது. மேகசினின் அடியைத் தட்டி, பிஸ்டலின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடை முழுமையாகப் பின்னிழுத்து விடுவது முதல் சிகிச்சை. அதற்கும் சரியாகாவிட்டால் மேகசினை மாற்ற வேண்டும். ஆகவே கணுக்கால் ரிவால்வருக்கு முன்பாக ஒரு உதிரி மேகசினை இடுப்பின் மறுபக்கத்தில் அணிந்து பழகுங்கள். தோட்டாத் தட்டுப்பாடு, மேகசின் பழுது ஆகிய இரண்டுக்கும் அந்த ஒன்றே விடையாகிறது. பூட்டி வைக்க வேண்டிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் அதிகரிக்காது.

கேள்வி: அப்படியானால் இரண்டு அணிபவர்கள் அனைவரும் வீண்செலவு செய்பவர்களா?
(அரிசோனா வாசகர்)

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். நாளின் பெரும்பகுதியைக் காரின் ஓட்டுநர் இருக்கையில் கழிப்பவருக்கு, சீட் பெல்ட்டுக்கு அடியில் வலது இடுப்பில் இருக்கும் பிஸ்டலை எடுப்பது உண்மையிலேயே கடினம். உட்கார்ந்த நிலையில் கைக்கு எட்டும் இடத்தில் இன்னொன்று இருப்பதற்கு அவரிடம் காரணம் உண்டு. வலது கை காயப்பட்டாலோ, தாக்குபவரின் பிடியில் சிக்கிக்கொண்டாலோ இடது கையால் எடுக்கத்தக்க ஒன்று உதவும். இருப்பினும் இடது கையால் எடுத்து இடது கையால் சுட்டுப் பழகாதவருக்கு இடது பாக்கெட்டில் இருக்கும் துப்பாக்கி வெறும் சுமையே. ‘உடன் வருபவரிடம் ஒன்றைக் கொடுக்கலாமே’ என்ற மூன்றாவது காரணத்தையும் சிலர் சொல்வார்கள். கொடுக்கப்படுபவர் பயிற்சி பெற்றவராகவும் சட்டப்படி ஆயுதம் வைத்திருக்கத் தகுதியுள்ளவராகவும் இருந்தால், அவரே தமக்கென ஒன்றை அணிந்திருப்பார் அல்லவா?

இரண்டு அணிவதென முடிவு செய்துவிட்டால், இரண்டும் ஒரே விதமாக இயங்க வேண்டும். ஒன்றில் பாதுகாப்பு விசையைக் கட்டைவிரலால் கீழிறக்க வேண்டும், மற்றொன்றில் அந்த விசையே கிடையாது என்ற நிலை, பதற்றத்தில் கையைக் குழப்பிவிடும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மாதிரிகளைத் தேர்ந்தெடுப்பதில் வேறொரு வசதியும் இருக்கிறது: க்ளாக் 19க்கான மேகசின் அதே அளவுத் தோட்டாவைச் சுடும் சிறிய க்ளாக் 26இலும் பொருந்தும். இரண்டையுமே சுடுவதற்கு இழுக்கும் விசையை (டிரிக்கர்) முழுவதுமாக மூடும் உறையில்தான் வைக்க வேண்டும். சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் பாக்கெட்டில் உறையில்லாமல் துப்பாக்கியைப் போடுவது, எதிராளியின் வேலையை நாமே செய்து முடிப்பதற்கு ஒப்பாகும்.

எடையையும் கணக்கில் கொள்ளுங்கள். பதினைந்து தோட்டா நிரப்பிய க்ளாக் 19 ஏறத்தாழ 850 கிராம். அதோடு ஒரு சிறிய ரிவால்வர், உறைகள், உதிரி மேகசின் ஆகியவை சேர்ந்தால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிடும். முதல் சில வாரங்களின் உற்சாகம் தணிந்த பிறகு, கணுக்கால் ரிவால்வர் வீட்டிலேயே தங்கிவிடும்; அதைவிடப் பெரிய இழப்பு, அந்தச் சலிப்பில் இடுப்புப் பிஸ்டலும் சில நாட்களில் வீட்டிலேயே தங்கிவிடுவது.

கேள்வி: வேலை மாறுதலில் டெக்சாஸிலிருந்து நியூ மெக்சிகோ செல்கிறேன். இங்கே இரண்டு அணிந்து வந்தேன். அங்கும் அப்படியே தொடரலாமா?

பதில்: தொடரக்கூடாது. மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் பெற்றவர் ஒரு நேரத்தில் ஒரேயொரு மறைத்த கைத்துப்பாக்கியைத்தான் வைத்திருக்கலாம் என்பது நியூ மெக்சிகோவின் விதி. நியூ ஜெர்சியும் கலிஃபோர்னியாவும் இரண்டை உச்சவரம்பாக வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் எந்தத் துப்பாக்கியை எடுத்துச் செல்கிறீர்கள் என்பதே உரிமத்தில் பதிவாகியிருக்க வேண்டும். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் 21 வயது நிறைந்து, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் உரிமம் இன்றியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லை. இந்தத் தளர்வில் பழகியவர்கள்தான் மாநில எல்லையைக் கடக்கும்போது எளிதில் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு மாநிலத்தின் உரிமத்தை மற்றொன்று ஏற்கிறதா என்பதும் தனியாகப் பார்க்க வேண்டிய செய்தி. புறப்படுவதற்கு முன் அந்த மாநில அரசின் தற்போதைய விதிகளை வாசியுங்கள்; நண்பர்களின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். பாதுகாப்புக்காக ஒன்று மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: உங்களுக்கான எண் பூஜ்யம். குடியேற்றமல்லாத விசாவில் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு, நாடு கடத்தப்படும் ஆபத்தும் கூடவே வரும். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கும் இதே நிலைதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்போருக்கு ஒரு விலக்கு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு தற்காப்புத் துப்பாக்கி வாங்கலாமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. ஆனால் கணவர் கிரீன் கார்டிலும் மனைவி வேறு விசாவிலும் இருக்கும் வீட்டில், கணவரின் துப்பாக்கி மனைவியின் கைக்கு எட்டும்படி இருந்தால், அவரும் அதை வைத்திருந்ததாகக் கருதப்பட இடமுண்டு. அத்தகைய வீட்டில் பூட்டிய பெட்டியும், சாவி கணவரிடம் மட்டும் இருப்பதும் கட்டாயம்.

கேள்வி: என் கணவர் இடுப்பில் ஒன்று, காரில் ஒன்று, என் கைப்பையில் ஒன்று என மூன்று வைக்க வேண்டும் என்கிறார். எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகன் இருக்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை.
(ஜார்ஜியா வாசகி)

பதில்: உங்கள் மனம் சரியாகவே சொல்கிறது, அம்மா. உடலில் அணிந்த துப்பாக்கி ஒருவரின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. காரில் விட்டுச்செல்லப்படும் துப்பாக்கி, கண்ணாடியை உடைக்கும் எவருக்கும் கிடைக்கக்கூடியது. கைப்பைத் துப்பாக்கி அதைவிட ஆபத்தானது. 2014 டிசம்பர் இறுதியில் ஐடஹோ மாநிலத்தில், கடையின் தள்ளுவண்டியில் அமர்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் அந்தத் தாய் அங்கேயே உயிரிழந்தார். அவர் உரிமம் பெற்றவர். பையும் துப்பாக்கிக்கென்றே அமைந்தது. குழந்தை நான்கு வயதை எட்டும்போது விரல்களுக்கு வலுவும் கூடுகிறது, ஆர்வமும் கூடுகிறது.

பையில் வைப்பதில் மறதியும் சேர்ந்துகொள்ளும். 2023இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனை வாயில்களில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் பையில் இருப்பதை மறந்துவிட்டேன் என்பதுதான். இடுப்பில் உறுத்துவதை மறப்பது கடினம். மூன்று பைகளில் ஒன்றின் அடியில் கிடப்பதை மறப்பது எளிது.

உங்கள் கணவரிடம் இன்னொன்றையும் எடுத்துச் சொல்லுங்கள். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தார்கள். அதில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். வெளியிலிருந்து வரும் திருடனை மட்டும் மனத்தில் வைத்து எண்ணிக்கையைக் கூட்டுபவர்கள், வீட்டுக்குள் ஒருவருக்கு வரக்கூடிய ஒரு மோசமான இரவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அணிவது ஒன்றாக இருக்கட்டும். அதுவும் உடலைவிட்டு இறங்கும் நேரமெல்லாம் விரைவாகத் திறக்கும் சிறு பெட்டகத்துக்குள் இருக்கட்டும். காருக்கும் கைப்பைக்கும் வேண்டாம். நீங்களும் அணிய விரும்பினால், தனியாகப் பயிற்சி பெற்று, உங்கள் உடலில் உறையோடு அணியுங்கள். விருப்பமில்லையெனில், கணவருக்காக அணிய வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

கேள்வி: பெப்பர் ஸ்பிரே வைத்திருப்பவர்களைச் சுடுதளத்தில் கேலி செய்கிறார்களே?

பதில்: கேலி செய்பவர்கள் சட்டத்தைப் படித்திருக்க மாட்டார்கள். உயிருக்கோ உடலுக்குப் பெருங்கேடு நேர்வதற்கோ உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான ஒருவர் நம்பத்தக்க சூழலில்தான் துப்பாக்கியைப் பயன்படுத்துவதைச் சட்டம் பொதுவாக ஏற்கிறது. வாகன நிறுத்துமிடத்தில் கத்திக்கொண்டே நெருங்கி வரும் குடிகாரர் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் வருவதில்லை. அந்த இடத்தில் ஒரு துப்பாக்கி வைத்திருப்பவருக்கும் மூன்று வைத்திருப்பவருக்கும் வேறுபாடு இல்லை, இருவரிடமும் அந்தச் சூழலுக்கான கருவி இல்லை. இரண்டாவதாக ஒன்றை எடுத்துச் செல்லத்தான் வேண்டுமென்றால், மாநில விதிகளுக்கு உட்பட்ட பெப்பர் ஸ்பிரேயையே நான் முதலில் சொல்வேன். மூன்றாவது இடம் குருதிப்பெருக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டைக்கு. சாலை விபத்திலும் அது பயன்படும்.

கேள்வி: காவலர் என் காரை நிறுத்தினால், இரண்டாவது துப்பாக்கியையும் சொல்ல வேண்டுமா?

பதில்: சில மாநிலங்களில் ஆயுதம் இருப்பதைக் கேட்கும் முன்பே தெரிவிப்பது கட்டாயம், சிலவற்றில் கேட்டால் மட்டும். சொல்லத் தொடங்கிய பிறகு ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துவது ஆபத்தானது; முதல் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்ட காவலரின் கண்ணில் சொல்லப்படாத மற்றொன்று திடீரெனப் பட்டால் அவர் எப்படி எதிர்வினையாற்றுவார் என்பதை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம். இரு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்து, இரவானால் உள்விளக்கைப் போட்டு, எத்தனை இருக்கின்றன, எங்கெங்கே இருக்கின்றன என்பதை வாயால் மட்டும் சொல்லுங்கள். காட்டுவதற்காகக் கூடக் கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல், அவர் என்ன செய்யச் சொல்கிறார் என்று காத்திருங்கள்.