அத்தையின் பாஸ்போர்ட்

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் கடற்கரைப் பக்கம் போகலாம் என்றிருக்கிறோம். பிள்ளைகளுக்கு 11, 7 வயது. நான் தாய்லாந்தின் கிராபி என்கிறேன், கணவர் மலேசியாவின் தியோமான் தீவு என்கிறார். எது நல்லது? சின்னவனின் பாஸ்போர்ட்டை மார்ச்சிலேயே புதுப்பித்துவிட்டோம். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், 70 வயது, முட்டிவலி. நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் பிள்ளைகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் பாஸ்போர்ட் முடிந்து இரண்டு வருடமாகிறது. கேட்டதற்கு, "நான் எதுக்கும்மா, நீங்க போயிட்டு வாங்க" என்றுவிட்டார். அந்த ஐந்து நாளும் நாத்தனார் வீட்டில் விடலாம் என்றால், நாத்தனார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவரிடம் எப்படிக் கேட்பது?
- வாசகி, செங்காங், சிங்கப்பூர்

பதில்: கடல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நவம்பர் தொடங்கினால் வடகிழக்குப் பருவக்காற்று மலேசியாவின் கிழக்குக் கரையில் மோதும். தியோமானும் ரெடாங்கும் அந்தப் பக்கம் இருக்கும் தீவுகள். டிசம்பரில் அங்கே மழை, பெரிய அலை, படகை நம்ப முடியாது, பல விடுதிகள் பூட்டிக் கிடக்கும். உங்கள் கணவர் அந்த ஆசையை ஜூன் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளட்டும். கிராபி, புக்கெட், லங்காவி எல்லாம் அந்தமான் கடல் பக்கம். டிசம்பரில் அங்கே வெயில் தொடங்கியிருக்கும். அந்த வாதத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி.

சின்னவனின் பாஸ்போர்ட்டுக்கு வருகிறேன். பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஐந்து வருடம்தான் செல்லும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. டிசம்பர் பயணத்துக்கு மார்ச்சிலேயே வேலையை முடித்திருக்கிறீர்கள். அதே வீட்டில், ஒருவேளை அதே அலமாரியில், அத்தையின் பாஸ்போர்ட் இரண்டு வருடமாக முடிந்து கிடக்கிறது. மார்ச்சில் குடிநுழைவு ஆணையமான ஐசிஏவின் இணையப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தபோது இன்னும் ஒரு விண்ணப்பம் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கட்டணம், ஒரு போட்டோ, அரசு இணையச் சேவைகளுக்கான அவருடைய சிங்பாஸ் கணக்கு. கடவுச்சொல் நிச்சயம் உங்கள் கணவருக்குத்தான் தெரியும்.

பாஸ்போர்ட் இல்லாதவரிடம் போய் "வர்றீங்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் வேறென்ன சொல்வார்? மகனுக்குச் செலவு வைக்கக் கூடாது, மருமகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைக்கும் பெரியவர்கள் முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். நீங்களும் நம் வீடுகளில் வளர்ந்தவர்தானே, இது உங்களுக்குப் புதிதா? அந்த "வேண்டாம்" உங்களுக்கு வசதியாக இருந்தது, அப்படியே பிடித்துக்கொண்டீர்கள். முட்டிவலியோடு உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறூட்டி, குளிப்பாட்டி, நீங்கள் இருவரும் நிம்மதியாக வேலைக்குப் போக வழிசெய்தவர் அவர். வேலை நாளில் அவர் வேண்டும், விடுமுறை நாளில் வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியாது. உங்களைவிட அதிகமாகக் கண்டிக்க வேண்டியது உங்கள் கணவரை. பெற்ற தாயின் பாஸ்போர்ட் முடிந்தது மகன் கண்ணில் படவில்லையா? இந்தப் பதிலை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

ஆகவே கிராபியும் வேண்டாம். அங்கே எல்லாரும் போக ஆசைப்படும் ரைலே கடற்கரைக்குச் சாலை கிடையாது. பக்கத்து ஆவ் நாங் கடற்கரையிலிருந்து நீளப் படகில்தான் போக வேண்டும். பல நேரம் முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஆடும் படகின் சின்ன ஏணியைப் பிடித்து ஏற வேண்டியிருக்கும். எழுபது வயது முட்டிக்கு அது தண்டனை. மலேசியாவின் லங்காவி போங்கள். சாங்கி விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேர விமானப் பயணம். பந்தாய் செனாங் பக்கம் தங்கினால் விடுதியிலிருந்து மணலுக்கு நடந்தே போய்விடலாம். சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். அத்தை இங்கே பிறந்து வளர்ந்தவரானால் மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும். மீன் விலையை அவரே பேசி முடிப்பார், பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

டிக்கெட் எடுக்கும்போதே விமான நிலையச் சக்கர நாற்காலி வேண்டும் என்று குறித்துவிடுங்கள். தரைத்தள அறை, இல்லையென்றால் மின்தூக்கி உள்ள விடுதி. குளியலறையில் கைப்பிடி இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். அவருடைய மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள். மதிய வெயிலில் அவரை வெளியே இழுக்காமல், காலையும் மாலையும் கடல் என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கும் நல்லது.

ஆனால் விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், இந்த வாரமே அத்தையை உட்காரவைத்துப் போட்டோ எடுத்து விண்ணப்பம் போட்டுவிடுங்கள். இப்போது பெரியவர்களுக்குப் பத்து வருடப் பாஸ்போர்ட் கொடுக்கிறார்கள். அவருக்கு எண்பது வயது வரை செல்லும். பாஸ்போர்ட் கைக்கு வந்தபின் அதை அவரிடம் கொடுத்து, உங்கள் கணவர் கூப்பிடட்டும். அப்போதும் வேண்டாம் என்றால் பேத்தியோ பேரனோ கூப்பிடட்டும்.

நாத்தனாரிடம் எப்படிக் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். போன் போட்டு, அம்மாவை லங்காவி கூட்டிக்கொண்டு போகிறோம், நீங்களும் வருகிறீர்களா என்று கேளுங்கள்.