கைமாறி வந்த ஹைமார்ட்

கேள்வி: தென்கொரியாவில் வீட்டு மின்னணுப் பொருள்களை விற்கும் கடைத்தொடரான லோட்டே ஹைமார்ட் தொடக்கத்திலிருந்தே லோட்டே குழுமத்தின் நிறுவனம்தானா?

பதில்: இல்லை. அதன் வேர் தேவூ குழுமத்தில் இருக்கிறது. தேவூவின் மின்னணுப் பொருள்களை உள்நாட்டில் விற்பதற்காக 1987இல் தொடங்கப்பட்ட விற்பனை நிறுவனமே, 1999இல் அந்தக் குழுமம் பெருங்கடனில் சரிந்த காலத்தில் தனிப்பாதை கண்டு, ஹைமார்ட்டாக உருவெடுத்தது. சாம்சங்கும் எல்ஜியும் தத்தம் பொருள்களை மட்டுமே விற்கும் சொந்தக் கடைகளை நடத்திவந்த நாட்டில், எல்லா நிறுவனங்களின் குளிர்சாதனப் பெட்டிகளையும் தொலைக்காட்சிகளையும் ஒரே கூரையின்கீழ் ஒப்பிட்டு வாங்க வழிசெய்ததே அதன் வெற்றிக்கு முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து. தாய்க்குழுமம் வீழ்ந்தபின்பும் ஒரு விற்பனைப் பிரிவு இவ்வாறு தழைத்தது உண்மையிலேயே பாராட்டத்தக்கது.

கேள்வி: பிறகு லோட்டேயிடம் எப்படி வந்தது?

பதில்: 2005இல் அஃபினிட்டி என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது, 2007 இறுதியில், கான்கிரீட் தொழிலில் வளர்ந்த யூஜின் குழுமம், பெருமளவு கடன் பெற்று, அதைக் கைப்பற்ற ஒப்பந்தம் செய்தது. 2011இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட சில மாதங்களிலேயே, யூஜினுக்கும் ஹைமார்ட்டின் தலைமை நிர்வாகிக்கும் இடையே நிர்வாக அதிகாரம் யாருக்கு என்ற பூசல் வெடித்தது. அதன் முடிவில் பெரும்பங்குதாரர்கள் விற்க முன்வந்தனர். 2012இல் லோட்டே ஷாப்பிங் 65.25 விழுக்காட்டுப் பங்குகளை ஏறத்தாழ 1.25 லட்சம் கோடி வோனுக்கு வாங்கியது. அதன்பின் லோட்டே மார்ட் பேரங்காடிகளுக்குள்ளும் ஹைமார்ட் கிளைகள் பெருகின. ஆயினும் இணையவழி வணிகப் போட்டி இறுகிய நிலையில், 2022ஆம் ஆண்டை அது இயக்க நட்டத்துடன் முடித்தது.