டெர்மினலில் ஓடும் எம்சிபி சர்வர் எடிட்டரில் மட்டும் ஏன் ஓடுவதில்லை?

டேட்டாபேஸைப் படிக்கும் ஒரு எம்சிபி சர்வரை (ஏஐயை வெளித் தரவுகளோடும் கருவிகளோடும் இணைக்கும் புரோகிராம்) கர்சர் என்ற ஏஐ கோடு எடிட்டரில் சேர்த்திருக்கிறீர்கள். டெர்மினலில் ஓடுகிறது, கர்சரில் சிவப்பாகவே நிற்கிறது என்கிறீர்கள். இதே இடத்தில் நானும் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். முதுநகரில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு டேபிளையும் ஏஐக்கு ஒட்டிக் காட்டி அலுத்துப்போய்த்தான் எம்சிபி பக்கம் வந்தேன்.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட முறை இது. சர்வர் என்றதும் எங்கோ தனியாக ஓடிக்கொண்டிருப்பது என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் கணினியில் ஓடும் வகையில் அப்படி இல்லை. எடிட்டரின் அமைப்புகள் இருக்கும் ஜேசன் கோப்பில் நீங்கள் எழுதுவது ஒரு கமாண்ட், அதை ஓட்டுவது எடிட்டர். மெனுவிலிருந்து திறந்த எடிட்டருக்கு உங்கள் டெர்மினலின் பாத் (கமாண்டுகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்) பெரும்பாலும் தெரியாது. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடை, அதன் பதிப்புகளை நிர்வகிக்கும் என்விஎம் வழியாக நான் போட்டிருந்ததால், சர்வரைத் தொடங்கும் என்பிஎக்ஸ் கமாண்ட் எங்கே என்றே அதற்குத் தெரியவில்லை. 'விச் என்பிஎக்ஸ்' அடித்து வந்த முழுப் பாதையைக் கமாண்டில் போட்டேன்; அப்போதும் ஓடவில்லை. என்பிஎக்ஸும் தன் பங்குக்கு நோடைத் தேடும் அல்லவா? அந்த ஃபோல்டரை, வழக்கமான பாதைகளோடு சேர்த்து, ஜேசன் கோப்பின் என்வ் பகுதியிலும் பாத்தாகக் கொடுத்த பிறகுதான் சர்வர் எழுந்தது.

நீங்களே எழுதிய சர்வர் என்றால் இன்னொன்றும் பாருங்கள். என் பைத்தான் கோடில் 'கனெக்டட்' என்று ஒரே ஒரு பிரிண்ட் வரி இருந்தது. டெர்மினலில் அது நல்ல சேதி, எடிட்டருக்கோ குப்பை. பிரிண்ட் எழுதும் அதே ஸ்டாண்டர்ட் அவுட்புட் வழியாகத்தான் சர்வர் பதில் பேசுகிறது. அதில் ஜேசன்-ஆர்பிசி என்ற வடிவில் வரும் செய்தி தவிர வேறெதுவும் வரக்கூடாது. லாக் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரருக்குப் போகட்டும்.

விஎஸ் கோடு என்ற இன்னொரு எடிட்டருக்கான உதாரணத்தை அப்படியே எடுத்து ஒட்டினீர்களா என்றும் பாருங்கள். அங்கே மேல் சாவி 'சர்வர்ஸ்', கர்சரில் 'எம்சிபிசர்வர்ஸ்'.

சரி, ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த சர்வருக்கு நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டுக்கு என்ன உரிமையோ, அதெல்லாம் இப்போது ஏஐக்கும் உண்டு. வஞ்சிரம் விலையில் ஒரு பிழையைத் திருத்தச் சொன்னேன். எந்த வரியை மாற்ற வேண்டும் என்று சொல்லும் வேர் (WHERE) நிபந்தனையே இல்லாத ஒரு அப்டேட் கமாண்டை எழுதி அனுமதி கேட்டது. ஓகே கொடுத்திருந்தால் எல்லா மீனுக்கும் ஒரே விலை ஆகியிருக்கும். அந்த மனிதர் விடியற்காலையில் அந்தத் திரையைப் பார்த்துத்தான் ஏலத்துக்குப் போகிறார். அன்றே செலெக்ட், அதாவது படிக்கும் உரிமை மட்டும் உள்ள தனி யூசரை உருவாக்கினேன், இப்போது ஏஐ பார்ப்பதும் டேட்டாபேஸின் நகலை மட்டும்தான். அப்புறம் பாஸ்வேர்டை ஜேசன் கோப்பில் எழுதி கோடைச் சேமித்துப் பகிரும் கிட்டில் (Git) ஏற்றிவிடாதீர்கள்.

இன்னும் சிவப்பாகவே இருந்தால், அவுட்புட் பேனலில் வரும் எம்சிபி லாக்கின் கடைசிப் பத்து வரியைப் பின்னூட்டத்தில் போடுங்கள், பார்க்கிறேன்.