ஓதம் பார்த்துப் புறப்படும் நாட்கள்

வாசகர் கேள்வி – பதில்

அந்தமான் தீவுகளுக்குக் கல்விப் பயணம் செல்லும் கல்லூரி மாணவர்களின் அன்றாடத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, விலங்கியல் ஆசிரியராக 11 முறை மாணவர்களை அங்கு அழைத்துச் சென்ற ஒருவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

என் மகள் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வரும் ஜனவரியில் சக மாணவர்களோடு எட்டு நாள் அந்தமான் செல்கிறாள். கல்லூரி அனுப்பிய பயணத் திட்டத்தில் தினமும் அதிகாலை 4.30 மணிக்கு எழ வேண்டும், இரவில் ஒரு மணி நேரம் எழுத வேண்டும் என்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு இவ்வளவு கடுமை எதற்கு?
– ஒரு தாய், கும்பகோணம்

அம்மா, அந்தத் திட்டத்தை எழுதிய ஆசிரியர் தீவுகளை நன்கு அறிந்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தமானில் கடிகாரம் நம்முடையதுதான். ஆனால் சென்னையைவிடச் சுமார் 12 பாகை கிழக்கே இருப்பதால் அங்கே சூரியன் ஏறக்குறைய 50 நிமிடம் முந்திக்கொள்கிறது. ஜனவரியில் ஐந்தேமுக்கால் மணிக்கு உதித்து, மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் மறைந்துவிடும். நம் ஊர் வழக்கப்படி சாவகாசமாகச் சிற்றுண்டி முடித்து ஒன்பது மணிக்கு வண்டி ஏறும் குழு, அன்றைய வெளிச்சத்தில் கால் பங்கைத் தூக்கத்திலும் குளியலறை வரிசையிலும் தொலைத்திருக்கும்.

அதைவிட முக்கியமான காரணம் ஓதம். கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. அந்த நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. நாங்கள் சென்ற ஓர் ஆண்டில் முதல் நாள் காலை 5.40 மணிக்கு நீர் மிகத் தாழ்ந்தது. மறுநாள் அது ஆறரை ஆயிற்று. மூன்றாம் நாள் ஏழேகாலைத் தாண்டிவிட்டது. பவளத்திட்டின் மேற்பரப்பு கணுக்கால் அளவு நீரில் திறந்து கிடப்பது, தாழ்நீருக்கு முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு மணி நேரம்தான். அந்த நேரத்தில் கரையில் நிற்பவருக்குக் கடலட்டை, கடல் முள்ளெலி, நட்சத்திர மீன், கல்லிடுக்கிலிருந்து தலை நீட்டும் அஞ்சாலை, காலிச் சங்கைச் சுமந்து ஊரும் துறவி நண்டு என்று பாடப்புத்தகத்தின் பாதிப் பக்கங்கள் கண்முன்னே உயிரோடு இருக்கும். தாமதமாகப் போனவருக்கு அழகான நீலக் கடல் மட்டுமே தெரியும்.

நீல் தீவை (2018 முதல் அதன் பெயர் ஷகீத் தீவு) எடுத்துக்கொள்ளுங்கள். லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரையில் கடல் அரித்து உருவாக்கிய ஒரு கல்வளைவு இருக்கிறது. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியமர்ந்தவர்களின் தீவு என்பதால் அதைக் கொல்கத்தாவின் புகழ்பெற்ற பாலத்தின் பெயரால் ஹவுரா பாலம் என்றே அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். படம் எடுக்க வருபவர்கள் அந்த வளைவை நோக்கி நேராக நடந்துவிடுவார்கள். அங்கே போகும் வழியிலுள்ள பாறைக் குழிகளில்தான் எங்கள் காலை கழியும். நான்கு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு ஒரு குழி. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை அதன்மேல் வைத்து, உள்ளே எத்தனை வகை உயிர்கள், ஒவ்வொன்றும் எத்தனை, எது அசைகிறது, எது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணுவார்கள். முதல் கால்மணி நேரத்தில் ‘ஒன்றுமே இல்லை, ஐயா’ என்பார்கள். நாற்பதாவது நிமிடத்தில் அதே குழியில் பதினைந்து வகைகளைக் காட்டுவார்கள். உங்கள் மகள் நாலரை மணிக்கு எழுவது அந்த நாற்பதாவது நிமிடத்துக்காக.

பத்து மணிக்குள் வெயில் கடுமையாகிவிடும். அதற்குள் அறைக்குத் திரும்பி உணவு, ஓய்வு, பிற்பகலில் அருங்காட்சியகம் அல்லது காடு, இருட்டியபின் குறிப்பெழுதும் நேரம் என்பதே பெரும்பாலான நாட்களின் நடை. இரவு ஒன்பது மணிக்கு அழைத்தால் அவள் தூங்கியிருப்பாள். ஆகவே மாலை ஆறு மணிக்கு அழையுங்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் போடப்பட்டபின் இணையத் தொடர்பு வெகுவாக மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் படகிலும் காட்டுப் பகுதியிலும் இணைப்பு கிடைக்காத பொழுதுகள் உண்டு, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது? போன ஆண்டு சென்ற அண்ணன்மார்களின் குறிப்பேடுகளைப் பார்த்தேன். எல்லாரும் ஒரே வாக்கியங்களை எழுதியிருக்கிறார்கள்.
– ஒரு மாணவர், நாகர்கோவில்

தம்பி, உங்கள் சந்தேகம் நியாயமானது. திரும்பி வரும் வழியில் ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர்கள் எழுதினால் அப்படித்தான் ஆகும். கல்விப் பயணங்களில் நான் கண்ட பெரிய குறை இதுவே. நானும் முதல் மூன்று பயணங்களில் இதற்கு இடம் கொடுத்தேன் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். மதிப்பெண்ணுக்காக, ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து அறிக்கை கேட்டேன். வந்த அறிக்கைகளில் தீவின் பரப்பளவும் மக்கள்தொகையும் இருந்தன; மாணவர் கண்ணால் கண்டது ஒரு வரிகூட இல்லை.

நான்காம் பயணத்திலிருந்து முறையை மாற்றினோம். இடத்தில் இருக்கும்போதே பென்சிலால் எழுதுவது. மை நனைந்தால் கரையும், பென்சில் கரையாது. நாள், நேரம், இடம், வானம், காற்று, அன்றைய தாழ்நீர் நேரம் ஆகியவற்றைத் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். அதன்பின் பெயர் தெரியாத உயிராக இருந்தால் பெயரைத் தேடாமல், அதன் நீளம், நிறம், எதன்மேல் இருந்தது, தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது என்ன செய்தது என்று எழுதி, எவ்வளவு கோணலாக வந்தாலும் ஒரு படம் வரைய வேண்டும். கைப்பேசியில் எடுத்த படத்தில், பூப்போன்ற கடல் விலங்கான கடற்சாமந்தியும் அதற்குள் ஒளிந்து வாழும் கோமாளி மீனும் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த மீன் எத்தனை முறை வெளியே வந்து எவ்வளவு நேரத்தில் உள்ளே திரும்பியது என்பது, அங்கே உட்கார்ந்து எண்ணியவரிடம் மட்டுமே இருக்கும். இரவில் அந்தப் பென்சில் குறிப்பைத் திருத்தாமல் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே முழு வாக்கியங்களில் எழுதுங்கள். பகலில் ஒன்றாக நினைத்து இரவில் வேறாகப் புரிந்தது எதுவோ அதற்கு நான் அதிக மதிப்பெண் கொடுத்து வந்தேன்.

ஓர் எடுத்துக்காட்டு. வண்டூரிலுள்ள மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா 1983இல் அமைந்தது. சுமார் 281 சதுர கிலோமீட்டரில் 15 தீவுகள் அதில் அடங்கும். ஜாலிபாய், ரெட்ஸ்கின் என்னும் இரண்டில் ஒன்றைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். ஒன்று திறந்திருக்கும்போது மற்றொன்றுக்கு ஓய்வு. கண்ணாடி அடித்தளம் பொருத்திய படகிலிருந்து பார்த்த ஒரு மாணவி, ‘பவளம் வெள்ளையாக அழகாக இருக்கிறது’ என்று பகலில் எழுதியிருந்தாள். பவளத்துக்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருவது அதன் திசுக்களில் வாழும் நுண்பாசிகள்; நீர் அளவுக்கு மேல் சூடானால் பவளம் அவற்றை வெளியேற்றிவிடுகிறது, பிறகு உள்ளிருக்கும் சுண்ணாம்புக் கூடு வெளுப்பாகத் தெரிகிறது. அந்தமானில் 2010 கோடையில் இப்படி மிகப் பரவலாக வெளுத்தது. இதை அன்று மாலை வகுப்பில் பேசியபின், அவள் தன் பகல் குறிப்பை அடிக்காமல் அதன் கீழே, ‘நான் அழகு என்று எழுதியது பட்டினி’ என்று எழுதினாள். அந்தப் பக்கத்தின் நகலை இன்றும் வைத்திருக்கிறேன்.

கப்பலில் போவதா, விமானத்தில் போவதா?
– ஒரு பேராசிரியை, விருதுநகர்

விமானம் இரண்டேகால் மணி நேரம். கப்பல் சுமார் 60 மணி நேரம். ஒரு வழியாவது கப்பலில் செல்லுங்கள் என்பேன். தீவு என்பது எவ்வளவு தொலைவில், எவ்வளவு தனிமையில் இருக்கிறது என்பது கரையே தெரியாத இரண்டு பகல்களில்தான் விளங்குகிறது. கப்பலின் முன்பக்கத்திலிருந்து சிதறிப் பறக்கும் பறவைக்கோலா மீன்களை எண்ணுவதும், மணிக்கொருமுறை நீரின் நிறத்தைக் குறிப்பதும் நல்ல பயிற்சிகள். குமட்டல் வரும் மாணவர்களை மேல்தளத்தில் காற்றோட்டமாக உட்காரவைத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்வது நலம். கப்பல் அட்டவணை மாறக்கூடியது என்பதால் திட்டத்தில் இரண்டு நாள் கூடுதலாக வையுங்கள். புயல் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

எங்கள் பயண முகவர் பாராதாங் தீவின் சுண்ணாம்புக் குகையைச் சேர்த்தே ஆக வேண்டும் என்கிறார். வழியில் ஜாரவா பழங்குடியினரையும் பார்க்கலாம் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார். அழைத்துச் செல்லலாமா?
– ஓர் ஆசிரியர், திருப்பூர்

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த முகவரை மாற்றிவிடுங்கள். ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகள் கூட்டமாக, காவலோடு அனுப்பப்படும் அந்தச் சாலை ஜாரவா மக்களின் காப்புக்காட்டை ஊடுருவிச் செல்கிறது. வழியில் நிறுத்துவது, படமெடுப்பது, எதையேனும் கொடுப்பது எல்லாம் தடை செய்யப்பட்டவை. பழங்குடிகளைப் பாதுகாக்கும் ஒழுங்குமுறை அங்கே 1956 முதல் நடைமுறையில் இருக்கிறது. காப்புக்காட்டின் வழியே செல்லும் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இல் ஆணையிட்டது. ஆனாலும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சில நூறு பேரே உள்ள அந்தச் சமூகம் 1990களின் பிற்பகுதியில் வெளியாருடன் பழகத் தொடங்கிய சிறிது காலத்திலேயே, 1999இல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. நம் பிள்ளைகள் தடுப்பூசி போட்டுக்கொண்டு மறந்துவிட்ட நோய் அது.

நான் இருமுறை அந்தச் சாலையில் மாணவர்களோடு சென்றிருக்கிறேன். இரண்டாம் முறை, சாலையோரத்தில் ஒரு தாயும் குழந்தையும் நின்றபோது, வண்டிக்குள் இருந்த அத்தனை பேரும் ஒரே பக்கச் சன்னலுக்குச் சாய்ந்தார்கள், நானும் சாய்ந்தேன். அந்தத் தாய் எங்களைப் பார்த்த பார்வைக்குப்பின் மீண்டும் அந்த வழியில் குழுவை அழைத்துச் செல்லவில்லை. குகையில்லாமல் புவியியல் பாடம் குறைந்துவிடாது. அலையாத்திக் காட்டையும், சேற்றில் தத்தித் திரியும் மீன்களையும் வண்டூர்ப் பகுதியிலேயே பார்க்கலாம். பழங்குடிகளைப் பற்றி அறிய, தலைநகரிலுள்ள மானிடவியல் அருங்காட்சியகத்தில் ஒரு பிற்பகல் செலவிடுங்கள்.

ஆய்வகத்துக்காகச் சில சங்குகளும் பவளத்துண்டுகளும் எடுத்து வரலாமா?
– ஓர் ஆய்வக உதவியாளர், தஞ்சாவூர்

கூடாது. கரையில் செத்து ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் கூடாது. பாறை அமைக்கும் பவளங்களும் கடலட்டைகளும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. காலிச் சங்குகூடத் துறவி நண்டுக்கு வீடு. உங்கள் கண்ணாடிச் சீசாக்களில் பழைய மாதிரிகள் இருந்தால் அவற்றையே பேணி வாருங்கள்.

எனக்கு நீந்தத் தெரியாது. மற்றவர்கள் கடலில் இறங்கும்போது நான் மட்டும் கரையில் உட்கார வேண்டியிருக்குமோ என்று கவலையாக இருக்கிறது.
– ஒரு மாணவி, தருமபுரி

உங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு குழுவிலும் பாதிப் பேர் இருப்பார்கள், அம்மா. தாழ்நீரில் செய்யும் வேலை முழுவதும் கணுக்கால் முதல் முழங்கால் வரை உள்ள நீரில்தான் நடக்கிறது. நீந்தத் தெரிந்தவரைவிடப் பொறுமை உள்ளவரே அங்கு நன்றாகப் பார்க்கிறார். தடித்த அடி கொண்ட செருப்பு அணியுங்கள், மணலில் மட்டும் காலை வையுங்கள், உயிருள்ள பவளத்தில் ஒருபோதும் மிதிக்காதீர்கள், கையை இடுக்குக்குள் விடாதீர்கள். முழங்கையும் முழங்காலும் மூடும் ஆடை வெயிலுக்கும் மணல் ஈக்களின் கடிக்கும் நல்லது. உவர்நீர் முதலைகள் உள்ள கழிமுகங்களில் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும். அங்கே நீந்தத் தெரிந்தவர்களும் இறங்கக் கூடாது. உயிர்காப்பு உடையைப் படகில் ஏறியவுடன் அணியுங்கள், கரை சேரும் வரை கழற்றாதீர்கள். வெயிலுக்குப் பயந்து கழற்றும் நண்பர்களையும் விடாதீர்கள்.

விலங்கியல் மாணவர்களின் எட்டு நாட்களில் ஒரு முழு நாளைச் சிறைச்சாலைக்கும் சுனாமிக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். பாடத்தோடு தொடர்பில்லாத இதற்கு ஏன் நேரம்?
– ஒரு தந்தை, ஈரோடு

செல்லுலார் சிறைக்கு அரை நாள் போதும். 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட அந்தச் சிறையின் ஏழு பிரிவுகளில் இப்போது மூன்றே நிற்கின்றன. சுமார் 700 தனியறைகளில் எந்த ஒன்றிலிருந்தும் இன்னொரு கைதியின் முகம் தெரியாதபடி, ஒரு பிரிவின் முன்புறம் அடுத்ததன் பின்புறத்தை நோக்கி அமைக்கப்பட்டிருக்கிறது. மாணவர்கள் ஓர் அறைக்குள் தனித்தனியாகச் சென்று ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தால் போதும். நான் அங்கே எதுவும் விளக்குவதில்லை.

மற்ற அரை நாள் உங்கள் பிள்ளையின் பாடத்துக்குள்ளேயே வருகிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் கரைகள் மேலெழுந்து, பவளத்திட்டுகள் நீருக்கு வெளியே வந்து காய்ந்து மடிந்தன. தலைநகரைச் சுற்றியுள்ள தெற்குப் பகுதியோ சுமார் 1 மீட்டர் தாழ்ந்தது. போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரத்துக்கு அருகே சிப்பிகாட் என்னும் இடத்தில் வயல்களுக்குள் அன்று புகுந்த கடல்நீர் திரும்பவே இல்லை; ஓதம் ஏறும்போதெல்லாம் உள்ளே வந்து போகிறது. பயிர் விளைந்த நிலம் உவர்நீர்ச் சதுப்பாகி, இப்போது கொக்குகளும் உள்ளான்களும் இரை தேடும் இடமாகிவிட்டது. ஒரு நிலப்பரப்பு ஒரே காலையில் மாறினால் எந்த உயிர் போகும், எது வரும் என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான இடத்தை நான் கண்டதில்லை.

ஒருமுறை எங்கள் வண்டியை ஓட்டியவர் அந்த ஊர்க்காரர், தமிழ் பேசுபவர். நான் பறவைகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது, அவர் நீரின் நடுவே மொட்டையாக நின்ற இரண்டு தென்னைகளைக் காட்டி, அவற்றுக்கு இடையில்தான் தங்கள் களத்துமேடு இருந்தது என்றார். மாணவர்கள் பறவைக் கணக்கை நிறுத்திவிட்டு, அங்கே என்ன பயிரிட்டீர்கள், நீர் வந்தபின் முதலில் எது செத்தது, எப்போது முதல் நண்டைப் பார்த்தீர்கள் என்று அவரைக் கேட்கத் தொடங்கினார்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, பகல் உணவு ஆறிவிட்டது. அவர் சொன்ன ஆண்டுகளையும் உயிர்களின் பெயர்களையும் 36 பேரும் அவரவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.