டெத் வேலிக்குப் போகிறவர்களுக்கு: கேட்டதும் சொன்னதும்

கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவுக்கு இதுவரை ஒன்பது முறை போயிருக்கிறேன். முதல் முறை ஆகஸ்ட் மாதம், விவரம் தெரியாமல். காரை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் நின்றதோடு அந்தப் பயணம் முடிந்தது. மற்ற எட்டும் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில்தான். ஒவ்வொருவராகக் கேட்டதால் எல்லோருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இர்வைனிலிருந்து: அப்பா அம்மா ஜூலைல மதுரையிலிருந்து வர்றாங்க. அக்னி நட்சத்திரத்தையே பார்த்தவங்க, இது தாங்காதா அண்ணா?

தாங்காது தம்பி. மதுரையில் 41 டிகிரி செல்சியஸ் வந்தாலே தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். டெத் வேலியில் ஜூலை மாதப் பகல் வெப்பத்தின் சராசரியே 47-ஐ ஒட்டி வரும். 1913 ஜூலை 10 அன்று பள்ளத்தாக்கின் உள்ளே பர்னஸ் கிரீக் என்ற இடத்தில் பதிவான 56.7 டிகிரிதான் இன்றைக்கும் உலக சாதனை. ராத்திரியிலும் விடாது, 32-க்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து காற்றின் வறட்சி. நம் ஊரில் சட்டை நனைந்ததும் வியர்க்கிறது என்று புரியும். அங்கே வியர்வை வந்த சுவடே தெரியாமல் ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருப்பதால் தண்ணீர் குடிக்கத் தோன்றாது, வயதானவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2024 ஜூலையில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒருவர் மணல்மேட்டில் செருப்பைத் தவறவிட்டு நடந்ததில் உள்ளங்கால் வெந்து, மூன்றாம் நிலைத் தீக்காயம். அவரைத் தூக்கிப்போக ஹெலிகாப்டரால் அங்கே இறங்க முடியவில்லை. அந்தச் சூட்டில் காற்று லேசாகிவிடும், பறப்பதற்குப் பிடிமானம் கிடைக்காது. ஆம்புலன்ஸில் உயரமான, சூடு குறைந்த இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் ஏற்றினார்கள்.

கட்டாயம் காட்டியே ஆகவேண்டும் என்றால் விடியற்காலையில் டான்டேஸ் வியூ மட்டும் போய்வாருங்கள். 5,475 அடி உயரம், பள்ளத்தாக்கைவிட வெப்பம் 8 முதல் 14 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்கும். மேலே நின்று கீழே இருக்கும் உப்புப் படுகையைப் பார்த்தாலே போதும்.

ப்ரீமான்ட்டிலிருந்து: லாஸ் வேகாஸ் போறோம். நடுவுல ஒரு நாள் இதுக்கு ஒதுக்கினா போதுமா? எந்த வரிசைல பார்க்கணும்?

ஒரு நாளில் பார்த்துவிடலாம், ஆனால் வெளிச்சத்தை வைத்துத் திட்டமிட வேண்டும். மதியம் 12 மணிக்குப் போய் இறங்குகிறவர்கள்தான் "வெறும் பொட்டல், ஒண்ணுமே இல்லை" என்று திரும்பி வருகிறார்கள். உச்சி வெயிலில் அந்தப் பாறைகளுக்கு நிறமே இருக்காது.

வேகாஸிலிருந்து பாரம்ப் வழியாகப் போனால் பர்னஸ் கிரீக் சுமார் 2 மணி நேரம். இருட்டிலேயே கிளம்பி, சூரியன் வரும்போது ஸாப்ரிஸ்கி பாயின்ட்டில் நில்லுங்கள். முதலில் எதிரே இருக்கும் மலையின் தலையில் இளஞ்சிவப்பு படும், அது மெல்லக் கீழே வழிந்து வந்து, கடைசியில் காலடியில் இருக்கும் மஞ்சள் மடிப்புகள் பற்றிக்கொள்ளும். பிறகு பேட்வாட்டர். கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே, வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த இடம். உப்பின் மேல் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள்: பின்னால் இருக்கும் செங்குத்துப் பாறையில் வெகு உயரத்தில் "கடல் மட்டம்" என்று ஒரு பலகை. பிள்ளைகளுக்கு எத்தனை விளக்கினாலும் புரியாதது அந்த ஒரு பலகையில் புரிந்துவிடும்.

மதியம் சாப்பாடு, ஓய்வு. மூன்று மணிக்கு மேல் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ், 9 மைல் ஒருவழிப் பாதை. பாறையில் பச்சை, ஊதாவெல்லாம் சாயந்திர வெயிலில்தான் எடுப்பாகத் தெரியும். முடிவில் ஸ்டவ்பைப் வெல்ஸ் பக்கத்து மணல்மேடுகளில் அஸ்தமனம்.

பாலைவனம் முழுக்க மணல் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஒரு விஷயம்: இங்கே மணல்மேடு 1 சதவீதம்கூட இல்லை. மிச்சமெல்லாம் கல், உப்பு, மலை. கொஞ்சம் பாலைத் திணையின் சுரம் மாதிரி, பரலும் வெடித்த தரையும்.

டாலஸிலிருந்து: தானா நகர்ற கல்லு இருக்கற இடம் பார்க்கணும். வாடகை செடான்ல போகலாமா சார்?

ரேஸ்ட்ராக் பற்றிக் கேட்கிறீர்கள். செடானில் போகாதீர்கள். உபெஹிபி எரிமலைப் பள்ளத்திலிருந்து 27 மைல் கரடுமுரடான பாதை, கத்தி மாதிரி கற்கள். பர்னஸ் கிரீக்கிலிருந்து போகவே மூன்றரை மணி நேரம். நான் வாடகை வண்டியில் போய் பாதி வழியில் டயர் கிழிந்து நின்றேன். அந்த ஒப்பந்தத்தில் மண்சாலையில் ஓட்டக்கூடாது என்று இருந்ததை அதற்கப்புறம்தான் படித்தேன். தப்பு என்மேல்தான், செலவும் என்மேல்தான்.

கல் நகர்வதில் மாயமில்லை. குளிர்காலத்தில் அந்தச் சேற்றுத் தரையில் ஆழமில்லாத நீர் தேங்கி, இரவில் கண்ணாடி மாதிரி மெல்லிய பனித்தகடாக உறையும். காலையில் வெயில் பட்டுத் தகடு உடைந்து, லேசான காற்றில் மிதந்து கல்லைத் தள்ளும். ஆராய்ச்சியாளர்கள் இதை நேரில் பார்த்தது 2013 டிசம்பரில். சேறு ஈரமாக இருக்கும்போது அதில் கால் வைக்காதீர்கள், தடம் வருஷக்கணக்கில் அழியாது.

சியாட்டிலிலிருந்து: அங்க ஏரி வந்திருக்குன்னு படம் பார்த்தேன், உண்மையா?

அது எப்போதும் இருப்பதில்லை. 2023 ஆகஸ்ட் 20 அன்று, ஒரு வருஷத்தில் பெய்யவேண்டிய 2.2 அங்குல மழை ஒரே நாளில் கொட்டியது. பேட்வாட்டரில் தண்ணீர் தேங்கி, 2024 பிப்ரவரி மழையும் சேர்ந்து, ஜனங்கள் படகு விடும் அளவுக்கு வந்தது. அந்த மாதக் கடைசியில் அடித்த காற்று ஏரியையே 2 மைல் வடக்கே தள்ளிவிட்டது! வெள்ளத்துக்குப் பிறகு சாலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததும் உண்டு. கிளம்பும் முன் பூங்காவின் சாலை நிலவரத்தைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

சான் டியேகோவிலிருந்து: செலவு, பெட்ரோல், சிக்னல்?

நுழைவு ஒரு காருக்கு 30 டாலர், 7 நாள் செல்லும். ரொக்கம் வாங்கமாட்டார்கள், கார்டு வேண்டும். உள்ளே பெட்ரோல் உண்டு, விலை கண்ணைக் கட்டும். பாரம்பிலோ பியட்டியிலோ நிரப்பிக்கொள்ளுங்கள், தங்கவும் அந்த ஊர்கள்தான் மலிவு. சிக்னல் பெரும்பாலான இடங்களில் கிடையாது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், ஆனால் ஜிபிஎஸ் காட்டும் குறுக்குவழியில் மட்டும் திரும்பாதீர்கள். வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நடக்கவே கூடாது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் தண்ணீர், காருக்குள் இன்னும் கொஞ்சம் உபரி.

சாக்ரமென்டோவிலிருந்து: டிசம்பர்ல கூடாரம் போட்டுத் தங்கலாமா அண்ணா? நாங்க சுத்த சைவம்.

தாராளமாக. அமாவாசையை ஒட்டிப் போங்கள், பால்வீதியின் மங்கலான பகுதிகூட கண்ணுக்குத் தெரியும். பகலில் இதமாக இருந்தாலும் ராத்திரி உறைபனி அளவுக்குக் குளிரலாம், கம்பளியை விடாதீர்கள். சாப்பாட்டுக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, முதல் நாளைக்குக் கவலையில்லை. அடுத்த நாள் முகாமில் சின்ன அடுப்பு வைத்து உப்புமா கிளறிக்கொள்ளலாம். விறகு பொறுக்க அனுமதி இல்லை. மிச்சத்தை வெளியே வைத்துவிட்டுத் தூங்காதீர்கள், நரி மாதிரி இருக்கும் கொயோட்டிகள் சைவம் அசைவம் பார்ப்பதில்லை.